அட்டைகளின் கீழ்வரி

காலையில் எழுந்ததும் வெந்நீர் ஹீட்டரைப் போடுவேன். தண்ணீர் சுடுவதற்குள் பல் தேய்த்துவிடலாம். குளித்துவிட்டு ஒரு முட்டையை வேகவைத்து, ரொட்டியோடு நின்றபடியே தின்பேன். தட்டை உடனே கழுவிவிடுவேன். கழுவாமல் போனால் மாலையில் வந்து அதைப் பார்க்க வேண்டியிருக்கும். சட்டையை முந்தின நாளே தேய்த்து நாற்காலியில் போட்டிருப்பேன். அதை மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போவேன். அங்கே அலமாரியில் செருப்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். முதல் பெட்டியைத் திறந்து, நீல ரிப்பன் செருகியிருக்கும் இடத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் படிப்பேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, ரிப்பனை ஓர் அட்டை பின்னால் நகர்த்துவேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போவேன்.

ஒரு நாளைக்கு ஓர் அட்டை. இரண்டாவதை எடுத்ததில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, எல்லோரும் படிக்காமல் தூக்கிப்போடும் தாள், அதை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை பார்க்கிறேன். முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருவன் ‘அரிப்பு, தடிப்பு, அரிதாக மரணம்’ என்பதில் காற்புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிறான். என் மனைவிக்குக் கொடுத்த மருந்தின் தாளையும் நான்தான் பார்த்தேன். அதில் பிழை எதுவும் இல்லை.

அவள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் இன்னும் என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஸ்டேப்ளர் கேட்பதற்குக்கூட.

அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோக்காரர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறைக்குள் உட்காருகிற வளர்ந்த ஆண்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இதேபோல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவரை வலைபோட்டுப் பிடிப்பார்கள். பிடித்து என்ன பேசுவார்கள்? நான் பேசுவது கேட்கிறதா என்பார் ஒருவர். கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா என்பார் மற்றவர். கேட்கிறது. அவ்வளவுதான், விடைபெற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு, பேசியது நிஜம் என்பதற்குச் சாட்சியாக ஆளுக்கோர் அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள். வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு மாதத்துக்குப் பேசாத ஆள் அந்த அட்டைக்காகத் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்ப்பார்.

அட்டையின் நடுவில் அந்த நிலையத்தின் எழுத்துகளும் எண்ணும் கொட்டை எழுத்தில் இருக்கும். முன்னெழுத்தைப் பார்த்தால் போதும், எந்த நாடு என்று இவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன் கீழே தேதி, நேரம், அலைவரிசை, குரல் கேட்ட தரம். தரத்துக்கு இரண்டு எண்கள். முதலாவது தெளிவு, ஐந்துக்கு. அடுத்தது வலு, ஒன்பதுக்கு. ஆக, ஐம்பத்தொன்பது என்றால் முழு மதிப்பெண். எல்லோரும் எல்லோருக்கும் ஐம்பத்தொன்பதுதான் போடுவார்கள். உங்கள் குரல் ஐம்பத்தொன்பது, உங்கள் பெயர் காதில் விழவில்லை, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்வதில் இவர்களுக்கு எந்த வெட்கமும் கிடையாது.

இவர்களைவிடக் கேடு கெட்ட கூட்டம் ஒன்று உண்டு. யாரோ யாருக்கோ அனுப்பிய அந்த அட்டைகளை, பழசாகப் பழசாகத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர்கள். என் மனைவி அந்தக் கூட்டம்.

அவளுக்கு உரிமம் இல்லை. வாங்கவும் நினைத்ததில்லை. அந்த ஆட்களிடம் பேச வேண்டும் என்று தனக்கு என்ன தலையெழுத்தா என்பாள். செத்துப்போன ஹாம்களின் வீடுகளைத் தேடிப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய துணிப்பையோடு கிளம்புவாள். நானும் ஓரிரு முறை பை தூக்கப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் கணவனை இழந்த ஓர் அம்மாள் எங்களை அந்த மனுஷனின் அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்க அட்டைகள். என் மனைவி இங்கிதமாகத் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

“எடுத்துட்டுப் போம்மா. நாப்பது வருஷமா இந்த ரூமுக்குள்ள உக்காந்து ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. நான் சமையல்கட்டுலேர்ந்து ‘கேக்குது, வந்து சாப்பிடுங்க’ன்னு கத்துவேன். அது மட்டும் அவருக்குக் கேக்காது.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

இப்போது அந்த அம்மாளின் இடத்தில் நான் இருக்கிறேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர், ஊர் ஹாம் கிளப்பின் செயலாளர். ஐம்பத்தொன்பது என்று அவருக்குப் பெயர் வைத்தது அவள்தான். மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் முழு மதிப்பெண் போடுவார். எங்கள் வீட்டுக் காபி ஐம்பத்தொன்பது. ஆறிப்போன காபியும் ஐம்பத்தொன்பது. மருத்துவமனையில் அவள் முடி கொட்டி, கன்னம் ஒட்டிக் கிடந்தபோது ஆரஞ்சுப் பையோடு கட்டிலருகில் நின்று, முகம் ஐம்பத்தொன்பதாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார், எதிராளி பொத்தானை அமுக்கிப் பேசக் காத்திருப்பவர்போல. அந்தக் கணத்தில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவார்.

இவர்கள் செத்தவரைச் செத்தவர் என்று சொல்வதில்லை. தந்தி அடிக்கும் கட்டைக்கு இவர்கள் பாஷையில் கீ. ஆள் போய்விட்டால் ‘சைலன்ட் கீ’. தந்திக் கட்டையை வாழ்நாளில் தொட்டிராத என் மனைவியின் படத்தை மாதச் சுற்றறிக்கையில் போட்டு, அதன் கீழும் அப்படியே அச்சடித்துவிட்டார். விதியைத் தளர்த்தி அளிக்கப்பட்ட சிறப்புக் கௌரவமாம். அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். நான் பொத்தானை அமுக்கவில்லை.

அவருக்கு வேண்டியது என்ன என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கிளப்பின் ஆண்டுவிழாக் கண்காட்சி வந்துகொண்டிருந்தது. அவளுடைய பெட்டிகளில் பெரிய யுத்தத்துக்கு முந்தின அட்டைகள் இருந்தன. வரைபடத்திலிருந்தே காணாமல் போன நாடுகளின் அட்டைகள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் பந்தி வாசலில் நிற்பவன் குரல்போல் ஆகிவிடும்.

எனக்கு வேண்டியது வேறு.

அவள் போன பிறகு பின்னறையைக் காலி செய்வதற்காக முதல் பெட்டியைத் திறந்தேன். குப்பைக்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தேன். அட்டைகள் தலைகால் புரியாமல் அடுக்கப்பட்டிருந்தன. பனி நாட்டு அட்டைக்குப் பின்னால் ஏதோ தீவு அட்டை, அதற்குப் பின்னால் நாற்பது வருஷம் கழித்து வந்த வேறெங்கோ அட்டை. நாடு வாரியாகவும் இல்லை, வருஷ வாரியாகவும் இல்லை. என் தொழில் புத்தி ஒன்று உண்டு. பெரிய எழுத்தில் யாரும் தப்பு விடுவதில்லை, அதனால் சின்ன எழுத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். இந்த அட்டைகளில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி காலியாக விடப்பட்டிருக்கும், குறிப்புக்கென்று. பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். சிலர் கையால் ஏதாவது கிறுக்குவார்கள். அவள் சேர்த்து வைத்திருந்த அட்டைகளில் எல்லாம் அந்த வரி நிரம்பியிருந்தது.

முதல் அட்டையில் ஒருவர் எழுதியிருந்தார்: இங்கே மூன்று வாரமாக வெயில் இல்லை. நாய் வெளியே போக மறுக்கிறது.

அடுத்தது வேறு கண்டம், பல வருஷம் பிந்தியது: என் நாய் மைக்கைக் கண்டாலே குரைக்கும், மன்னிக்கவும்.

அதற்கடுத்தது: மன்னிப்பு நான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்ட சத்தம் என் மனைவி வெங்காயம் நறுக்கியது.

அடுத்து ஒரு தீவுக்காரர்: எனக்குச் சமைக்க ஆள் இல்லை. அதனால் நிறைய நேரம் கிடைக்கிறது.

அடுத்து: வருகிற மாதம் எனக்குக் கல்யாணம். இனி அலைவரிசையில் அதிகம் பார்க்க முடியாது.

அடுத்து, நடுங்கும் எழுத்தில் ஒரு கிழவர்: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. பேசியவர்களிடம் இவர்கள் சொன்னதெல்லாம் கேட்கிறது, கேட்கிறது என்பதுதான். அட்டை அட்டையாகப் பொறுக்கி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வைத்து, இவர்களை உட்காரவைத்துப் பேச வைத்திருந்தாள்.

மாலை நேரங்களில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னறை மேசையில் உட்கார்ந்திருப்பாள். திடீரென்று சிரிப்பாள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, ரெண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்பாள். டி.வி. நாடகத்தைச் சொல்கிறாள்போல என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் டி.வி. வேறு அறையில் இருந்தது.

குப்பைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினம் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினேன். வேகமாகப் படித்தால் தீர்ந்துபோகும். ஏழு பெட்டிகள் இருந்தன. ஒன்றைக்கூட இன்னும் முடிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம் கெடவில்லை, பசிக்காமல் இல்லை. இந்த ஆறு பெட்டிச் சொச்சத்தில் அவள் இவர்களை என்னவெல்லாம் பேசவைத்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும், அது ஒன்றுதான் எனக்கிருந்த ஆசை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமனாரிடம் சொன்னது ஒன்றே ஒன்று. பெட்டிகளை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, அவை அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மாமனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் கதவைத் திறந்துவிட அவரிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். பகலில் ஆள் வராத நாளிலும் வந்து என் வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். செய்தித்தாள் மடிப்பு மாறியிருக்கும். ஐம்பத்தொன்பது அவரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். கிளப் அறையில் கண்ணாடி வைத்த அலமாரி, அதன் மேல் பித்தளைத் தகட்டில் மகள் பெயர் என்று ஆசை காட்டினார். மகளின் பெயரை எங்கேயாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? ஓய்வுபெற்ற இரண்டு கிழவர்கள் அந்தத் தகட்டின் நீள அகலத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கடைசி வார்த்தைகள் முளைக்க ஆரம்பித்தன.

முதல் மாதம் மாமனார் சொன்னது இவ்வளவுதான்: கிளப்பில் நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் அப்பா என்று அவள் ஒருமுறை சொன்னாளாம். எப்போது, எங்கே என்பதெல்லாம் கிடையாது. அடுத்த மாதம் அதை அவள் மருத்துவமனையில் சொல்லியிருந்தாள். அதற்கடுத்த மாதம், தன் அட்டைகள் நல்லவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பதிப்புக்குப் பதிப்பு திருத்தி விரிவாக்கப்பட்டு, கடைசியில் கண்கலங்க, “எல்லாத்தையும் கிளப்புக்குக் குடுத்துடுங்கப்பா” என்று சாகும் தறுவாயில் மகள் கையைப் பிடித்துக்கொண்டதில் வந்து நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது காதில் விழ ஆரம்பித்துவிட்டது. மூலப்பிரதியில் இல்லாத வரியைச் சேர்க்கக்கூடாது என்பது என் தொழிலில் அரிச்சுவடி. வீட்டில் அதை யாரிடம் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தேன். வாசலில் மாமனாரின் செருப்போடு வேறு மூன்று ஜோடிகள் கிடந்தன. கதவு திறந்திருந்தது.

கூடத்து மேசையில் தடித்த ஆல்பங்கள் அடுக்கியிருந்தன. கறுப்பு உறை, பொன்னெழுத்து. ஐம்பத்தொன்பதும், கிளப் உறுப்பினர்கள் இருவரும் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேர்வையோடு நின்றார்கள். கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்தவர்களின் முகம். செருப்புப் பெட்டிகளைத் தட்டையாக மடக்கி, குப்பைக்குப் போக வசதியாக வாசலோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். என் நீல ரிப்பன் குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோல் மேல் கிடந்தது.

மாமனார் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

ஐம்பத்தொன்பது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் வேலையாம். நான் அலுவலகம் போனதும் வந்து, திரும்புவதற்குள் போய், நேற்றும் வந்து போயிருக்கிறார்கள். நேற்று கடைசிப் பெட்டியிலிருந்து ஆரம்பித்து முன்னுக்கு வந்து, காலிப் பெட்டிகளை அலமாரியில் இருந்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதென்று.

“ஒரே குழப்பமா இருந்துச்சு தம்பி. எந்த நாடு எங்க இருக்குன்னே தெரியல. பாவம், முடியாம இருந்தாங்கல்ல, கைக்கு வந்தபடி சொருகியிருக்காங்க. இப்போ பாருங்க.” ஓர் ஆல்பத்தைத் திறந்தார். “முன்னெழுத்துப்படி நாடு. நாட்டுக்குள்ள வருஷம். கண்ணைக் கட்டிட்டு எடுக்கலாம்.”

ஒரு கணம் நிறுத்தினார்.

ஒவ்வோர் அட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதன் ஓரத்தை நாலு பக்கமும் ஒட்டியிருந்தார்கள். உறையின் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு, நாடும் வருஷமும் அச்சடித்தது. சீட்டு சரியாக அந்தக் கீழ்வரியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.

ஏதாவது ஒரு பெட்டியைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். ஒன்றையும் விடவில்லை என்றார் பெருமையாக. எடுப்பதற்கு முன் இருந்த வரிசையை யாராவது குறித்து வைத்தார்களா, படமாவது எடுத்தார்களா என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்த வரிசை?” என்றார் உறுப்பினர்களில் ஒல்லியானவர். “அதுல வரிசையே இல்லையே சார்.”

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. நாயில் தொடங்கி வெங்காயம், கல்யாணம், கிழவர் வரை, அட்டைகளின் எழுத்தும் எண்ணும் சேர்த்து, நான்கு வாக்கியத்தில் சொன்னேன். அவள் எப்படி அடுக்கியிருந்தாள் என்பதைச் சொன்னேன். மேற்கொண்டு படிக்க எனக்கு ஆறு பெட்டிகளுக்கு மேல் மிச்சம் இருந்தது என்பதையும் சொன்னேன்.

உண்மையிலேயே யோசித்தார்கள். மனிதன் மனிதனோடு பேசுவதற்காகவே சங்கம் வைத்திருக்கிறவர்கள் அல்லவா. நெற்றியைச் சுருக்கி, ஆல்பத்தைப் புரட்டி, ஐம்பத்தொன்பது கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

“வாய்ப்பே இல்ல தம்பி. அந்த நாய்க்காரர் சைலன்ட் கீ ஆன பிறகுதான் இந்த வெங்காயக்காரருக்கு லைசென்ஸே கிடைச்சுது. இவங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசியிருக்க முடியும்?”

உறுப்பினர்கள் இருவரும் தலையாட்டினார்கள். சந்தேகம் தீர்ந்த திருப்தி. குறிப்பு வரியில் அப்படி யார் என்ன எழுதிவிடப்போகிறார்கள், வானிலைதானே என்று சொன்னார் இன்னொருவர். சீட்டை வேண்டுமானால் பிய்த்துவிடலாம், ஆனால் பழைய காகிதம், கூடவே உரிந்து வரும் என்றும் சொன்னார். ஆறுதலாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நானே திரும்ப அடுக்கலாம்தான். நாயைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் வேறொரு நாயை வைக்கலாம். அது நான் அடுக்கியதாக இருக்கும். நான் என்ன பேசுவேன் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆல்பங்களைத் தொடாமல் கிளம்பச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கீழே வண்டி நிற்கிறது. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி அலமாரி வந்து இறங்கிவிட்டது, தகடும் மாட்டியாகிவிட்டது. ஒல்லியானவர் ஏற்கெனவே இரண்டு ஆல்பங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். மேசையில் வையுங்கள் என்றேன். வைத்தார். ஐம்பத்தொன்பது மாமனாரைப் பார்த்தார். இது அவருடைய முறை என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள்போல.

மாமனார் எழுந்து வந்தார். என் தோளில் கை வைக்கப்போய், பாதியில் எடுத்துக்கொண்டார். அலமாரியை நேற்று போய்ப் பார்த்ததாகச் சொன்னார். விளக்குகூட வைத்திருக்கிறார்களாம். அவள் பெயர் வெளிச்சத்தில் தெரிகிறதாம். இங்கே பின்னறை இருட்டில் கிடந்து யாருக்கு என்ன லாபம் என்றார்.

“மாப்பிள்ளை, இது நானா சொல்றதில்ல. அவ சொன்னது. கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா.”

“மாமா, அப்போ நீங்க அங்க இல்ல. முந்தின நாள் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தீங்கன்னு நான்தான் உங்களைத் தூங்க வீட்டுக்கு அனுப்பினேன். நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

அவர் வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து இளப்பமாக நினைக்க எனக்கு அன்றைக்கு முடியவில்லை. மற்ற மூவரின் முகங்களும் பக்கத்திலேயே இருந்ததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஐம்பத்தொன்பது இடையில் புகுந்தார். ஆல்பங்கள் அவர் கையைவிட்டு நழுவிப் போய்க்கொண்டிருந்தன. தன்னிடமும் அவள் அதே அர்த்தத்தில் பேசியிருக்கிறாள் என்றார். அந்தக் கடைசி நாளும் தான் மருத்துவமனைக்கு வந்ததாகச் சொன்னார். அது உண்மைதான். வாசலிலேயே நிறுத்தி, டாக்டர் உள்ளே இருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

“டாக்டர் இருக்காருன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னைக்கு மட்டும் உள்ள விட்டிருந்தீங்கன்னா, அவங்க வாயாலயே எங்கிட்ட சொல்லியிருப்பாங்க. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கல. அதுக்காக நான் உங்களைக் குத்தம் சொல்லல தம்பி.”

ஒரு கணம் நிறுத்தினார்.

“அப்போ அவ என்னதான் சொன்னா?” என்று கேட்டது மாமனார். அவர் என்னை மட்டும்தான் பார்த்தார். “நீங்கதானே இருந்தீங்க. எதாவது சொல்லியிருப்பால்ல. எதுவா இருந்தாலும் பரவால்ல மாப்பிள்ளை. எனக்குத் தெரியணும்.”

இவர்கள் முன்னால் வேண்டாம் என்றேன். இவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள், பிறகு யாரும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது என்றார். அது சரிதான் என்று பட்டது. கேட்ட பிறகு வருத்தப்படக்கூடாது என்றேன். தலையாட்டினார்.

சொன்னேன். மதியம். நர்ஸ் டிரிப் பாட்டிலை மாற்றிவிட்டுப் போயிருந்தாள். என் மனைவி தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி ஜாடை காட்டினாள், வைத்தேன். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக நடைவழியின் கோடி வரை தெரியும். அங்கே லிஃப்ட் கதவு திறந்து ஓர் ஆள் கையில் பையோடு வெளியே வந்தார். அவள் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், மாலையில் மூச்சு நிற்கும் வரை திறக்கவில்லை, வேறு எதுவும் பேசவும் இல்லை. கண்ணை மூடுமுன் சொன்னது இதுதான்.

“ஆரஞ்சு குடுத்தா வாங்கி வெச்சுக்கோ. ஆளை மட்டும் உள்ள விடாத.”